கரி மேடத்தின் உள்ளங்கை

ஓடுகிற மோட்டர் எதைக் கண்டாலும் அவர் முதலில் அதன்மேல் உள்ளங்கையை வைப்பார். கேட்லாக்கைப் புரட்ட மாட்டார், கம்பெனி சர்டிபிகேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல மறுகையை வைப்பார். சூடு பொறுக்காமல் எத்தனை எண்ணுவதற்குள் கையை எடுக்கிறார் என்று நாங்கள் சுற்றி நின்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்போம்.

எங்கள் பம்பில் முதல் தடவை கை வைத்தபோது ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார்.

“இதுக்கு எவ்ளோ கரி எரியுதுப்பா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “மேடம், இது கரண்ட் மோட்டர். கரியில ஓடாது” என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

“கரண்ட் என்னா செவுத்துலேர்ந்தா வருது? ராய்ச்சூர்ல கரியக் கொளுத்தி வருது. நீங்க உள்ள வுடற கரண்ட்ல பாதிதான் தண்ணி ஏத்துது. மீதிப் பாதி என் கையச் சுடுது. அந்தப் பாதிக்கும் சேத்து அங்க கரி எரியுது, பொகை போவுது. அது எந்தப் பில்லுல வருது, சொல்லுங்க பாப்போம்?”

எந்தப் பில்லிலும் வராது. அதனால்தானே எங்களால் அந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது!

தொண்ணூறுகளின் கடைசி அது. மாநில அரசின் ஓர் இலாகாவில், விடுதிகளுக்கு வேண்டிய பம்பு, மோட்டர், விளக்கு எல்லாம் வாங்குகிற பிரிவுக்கு அவர் இன்ஜினியர். நான் பீன்யா தொழிற்பேட்டையில் என் அக்கா வீட்டுக்காரர் நடத்திய சின்னப் பம்பு ஒர்க்‌ஷாப்புக்கு டெண்டர் வேலை பார்த்தவன். மாமா பம்பு செய்வார், நான் காகிதம் செய்வேன். ஒக்கலிபுரத்தில் ஒரே வீடு. மாடியில் அவர்கள், கீழே நாங்கள். ஒர்க்‌ஷாப்பில் பதினெட்டுப் பேர். சர்க்கார் ஆர்டர் ஒரு வருஷம் தவறினால் அதில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான். அந்தப் பதினெட்டுப் பேரில் ஆறு பேரை ஊரிலிருந்து கூட்டிவந்தவன் நான். ஆகவே அந்த அம்மாள் கையை எப்போது எடுப்பார் என்று எண்ணும்போது எனக்கு அந்த ஆறு பேர் முகமும் கண்முன் வரும்.

கான்ட்ராக்டர்கள் எல்லாரும் அவரைக் ‘கரி மேடம்’ என்றுதான் சொல்வார்கள். எதைக் காட்டினாலும் எவ்வளவு கரி என்று கேட்டால் வேறு என்ன சொல்வது? அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொண்டு பார்த்ததில்லை.

அவர் அறையில் ஃபேன் ஓடி நான் பார்த்ததில்லை. ஜன்னல் இரண்டையும் திறந்துவைத்திருப்பார். காக்ஸ் டவுனில் குடியிருக்கிற அவருக்கு அந்தக் காற்றே போதும், பீன்யாவிலிருந்து ஸ்கூட்டரில் வெந்துகொண்டு போகிற எங்களுக்குப் போதுமா? எழுந்து ஸ்விட்சைப் போட்டால், “ஆள் ஒக்காந்திருக்கறப்ப ஓடட்டும். எழுந்து போறப்ப யாரு நிறுத்தறீங்கன்னு பாக்கறேன்” என்பார். யாருக்குமே ஞாபகம் வராது. தாழ்வாரத்தின் கடைசிவரை போனவனை பியூன் விட்டுக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்வார். எனக்கு இரண்டு தடவை நடந்தது. சிரித்துக்கொண்டே நிறுத்திவிட்டு, படியிறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

ஆயுத பூஜைக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோனால் வாங்க மாட்டார். சரி, அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அவருடைய ஆபீஸ் கிளார்க் மகள் கல்யாணத்தில் நடந்ததை என்னவென்று சொல்ல? ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு மண்டபம். எங்களையும் அழைத்திருந்தார்கள். நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டார்கள். மேடத்தைக் காணோம். தேடிப் போனால், பட்டுப்புடவையோடு மண்டபத்தின் பின்பக்கம் நின்று அந்த ஜெனரேட்டர் விடுகிற கறுப்புப் புகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“மேடம், பந்தி போட்டுட்டாங்க. கல்யாணத்துக்கு வந்தீங்களா, ஜெனரேட்டருக்கு வந்தீங்களா?” என்றேன், கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு.

“உள்ள நாப்பது லைட்டு எரியுது. அதுக்கு இது இவ்ளோ கக்குது. உள்ள ஒக்காந்திருக்கறவங்க ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு. எப்டி எறங்கும் சோறு?” என்றார். கடைசியில் ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பைத்தியம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு நாள், ஆபீஸில் கரண்ட் போய் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வருஷம் அனல்மின் நிலையத்துக் குடியிருப்பில் இருந்தாராம்.

“வெள்ளத் துணிய வெளிய காயப்போட முடியாதுப்பா. சாயங்காலம் எடுத்தா சாம்பல் கலரு. ஜன்னல்ல வெரல வெச்சா வெரல் கறுப்பு. லீவுக்கு வீட்டுக்கு வந்தா இங்க தெருவு பூரா பகல்லயே லைட்டு எரியும். சும்மனே எரியும். இங்க இவங்க போட்ட லைட்டுக்கு அங்க நான் சாம்பல் தொடச்சேன். இப்ப ஒலகமே சூடாவுதுன்னு பேப்பர்ல எழுதறான், தேசதேசமா கூடிப் பேசறாங்களாம். பேசட்டும். சர்க்காரு சாமான் வாங்கற டெண்டர்ல ஒரு வரிய மாத்தினா போதும், இந்த ஊர்ல சர்க்காரவிட பெரிய கஸ்டமர் யாரு இருக்கா? அவங்கெல்லாம் அந்தச் சாம்பலப் பாக்கல. நான் பாத்துட்டேன். பாத்தத எப்டி பாக்கலன்னு சொல்றது?”

அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் மூன்று வருஷமாக ஃபைல் எழுதிக்கொண்டிருந்தார். இருக்கிற ரூல் எளிது: யார் விலை குறைவோ அவருக்கு ஆர்டர். அவர் மாற்றச் சொன்னதும் எளிதுதான்: பம்பின் விலையோடு, அது பத்து வருஷத்தில் குடிக்கப்போகிற கரண்டின் விலையையும் கூட்டு; கூட்டினால் யாருக்குக் குறைவோ அவருக்கு ஆர்டர் கொடு. குறைவாகக் குடிக்கிற பம்பு ஜெயிக்கும், அங்கே அவ்வளவு கரி மிஞ்சும். ஃபைல் மேலே போகும், கேள்வியோடு திரும்பி வரும். பதில் எழுதி மறுபடி அனுப்புவார். கடைசியில் மேலதிகாரி ஒருவர் அலுத்துப்போய், “ஒரே ஒரு டெண்டர் செய்து பாருங்கள். சரியான டெண்டர் குறைந்தது இரண்டு வரவேண்டும். வராவிட்டால் கேன்சல், பழைய ஃபாரத்திலேயே மறு டெண்டர். அதற்குப் பிறகு இந்தப் பேச்சே வரக்கூடாது” என்று எழுதிவிட்டார்.

விடுதிகளுக்கு இருநூறு பம்பு. அதுதான் அந்த ஒரே டெண்டர்.

கான்ட்ராக்டர்களைக் கூப்பிட்டு விளக்கிய அன்று ஒரே கூச்சல். தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட ஒருத்தர், எங்களைவிடப் பெரிய கம்பெனியின் ஏஜென்ட், கையைக் கூப்பிக்கொண்டு, “மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” என்றார், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று கன்னடத்தில்.

“நான் அட்ஜஸ்ட் பண்ணா மோட்டர் சூடு கொறயுமா?” என்று கேட்டார் மேடம். அதோடு கூட்டம் முடிந்தது.

நான் மாமாவிடம் வந்து சொன்னேன். மாமா கோபக்காரர், ஆனால் தொழில் தெரிந்தவர். செம்புக் கம்பி கூடுதலாகச் சுற்றி, உயர்ந்த ரகத் தகடு போட்டு, தண்ணீரைத் தள்ளுகிற சக்கரமான இம்பெல்லரை மூன்று தடவை மாற்றி, இரண்டு மாதத்தில் ஒரு புதுப் பம்பு செய்தார். விலை கூடத்தான். நூறு யூனிட் கரண்டை விட்டால் ஐம்பத்துநாலு யூனிட் தண்ணீர் ஏற்றும் வேலைக்குப் போகும் என்று டெண்டரில் உத்தரவாதம் கொடுத்தோம். அந்த எண்தான் உயிர். அது பதினேழாம் பக்கத்தில் இருந்தது. எல்லாப் பக்கத்திலும் மாமா கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பு குத்தி, டேக் போட்டுக் கட்டி வைத்தாயிற்று.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மூன்று மணிவரை பெட்டியில் போடலாம். முந்தின நாள் சாயங்காலம் டெஸ்ட் பெஞ்சில் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தோம். ஐம்பத்தேழு வந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. “மாமா, அம்பத்தேழுன்னே போட்ரலாம்” என்றேன்.

“டேய், ஒரு நாள் வந்தா தெனம் வருமா? உத்தரவாதம்டா அது. அம்பத்துநாலே இருக்கட்டும்” என்றுவிட்டார்.

என் புத்தி கேட்டதா? வெள்ளிக்கிழமை காலையில் மெஜஸ்டிக்கில் ஒரு டைப்பிங் கடையில் உட்கார்ந்து பதினேழாம் பக்கத்தை மட்டும் புதிதாக அடித்து வாங்கினேன். மாமா வெளியே ஸ்கூட்டரில் நின்று வாட்சைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பெட்டியில் போட்டாக வேண்டும். “என்னாடா பண்ற உள்ள? மணி பத்தேகால்!” டேக்கை அவிழ்த்தேன், பழைய பக்கத்தை உருவி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், புதுப் பக்கத்தைச் சொருகினேன், பையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் குத்தினேன், கவரை ஒட்டினேன். ஸ்டாம்பு பளிச்சென்று விழுந்ததும் எல்லாம் முடிந்ததாகவே மனசு சொல்லிவிட்டது. பத்து இருபத்தைந்துக்குக் கவர் பெட்டிக்குள் விழுந்தது. மாமா பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ராகு காலத்துக்குப் பயந்து பதறினோம். அது போன பிறகு மூன்று மணி நேரம் சும்மாதான் கிடந்தது.

மூன்றரைக்குத் திறந்தார்கள். ஒரு கம்பெனிக்கு ஒரு ஆள்தான், ஆகவே மாமா பீன்யாவுக்குப் போய்விட்டார். ஆறு கவர். மேடம் ஒவ்வொன்றாகப் பிரித்து, எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பச்சை மையில் சுருக்கொப்பம் போட்டு, விலையையும் உத்தரவாத எண்ணையும் உரக்கப் படித்தார். முதல் நாலு பேர் அந்த எண்ணை எழுதவே இல்லை. ‘பழைய வழக்கப்படி’ என்று விட்டுவிட்டார்கள். நாலும் தள்ளுபடி. ஐந்தாவது தங்க ஃபிரேம்காரருடையது. எல்லாம் சரி, எண் ஐம்பது. அவர் விலை நான் பயந்த அளவுக்குக் குறைவு இல்லை. நம்ம ஆர்டர்தான், நம்ம ஆர்டர்தான் என்று தொடையில் விரலால் எழுதிக்கொண்டேயிருந்தேன்.

ஆறாவது எங்களுடையது. மேடம் பிரித்தார். பச்சைப் பேனா பக்கம் பக்கமாக இறங்கிக்கொண்டு வந்தது. பதினாலு, பதினைந்து, பதினாறு. பதினேழில் நின்றது.

நின்ற இடத்திலேயே நின்றது. அவர் கண் அந்த எண்ணின் மேல் போனதைப் பார்த்தேன், முகம் மலர்ந்ததையும் பார்த்தேன். பிறகு கண் கீழே இறங்கியது. மலர்ச்சி அப்படியே போயிற்று. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டாம்பு இருக்கிறது, கையெழுத்து இல்லை. கையெழுத்தில்லாத பக்கம் இருந்தால் டெண்டரே செல்லாது.

அறையில் வேறு யாருக்கும் தெரியாது. தங்க ஃபிரேம்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பேனாவால் ஒரு சுழி சுழித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால் போதும், எங்கள் பதினெட்டுப் பேரும் பிழைத்தார்கள், அவருடைய மூன்று வருஷமும் பிழைத்தது. எங்களைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது ஒற்றை டெண்டர். ஒற்றை என்றால் கேன்சல். அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். புரட்டுங்கம்மா, புரட்டுங்கம்மா என்று உள்ளுக்குள் கும்பிட்டேன். வாழ்நாளில் எந்தச் சாமியிடமும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

“பேஜ் பதினேழு. சைன் இல்ல” என்றார்.

நான் எழுந்தேவிட்டேன். “மேடம், மறந்துட்டேன் மேடம்! சைன் போட்ட பக்கம் இருக்கு, இதோ, இதோ...” என்று சட்டைப் பையிலிருந்து பழைய பக்கத்தை உருவி நீட்டினேன்.

“பாக்ஸ் ஓபன் ஆத மேலே பேப்பர் கொடங்கில்லா ரீ!” என்று தங்க ஃபிரேம்காரர் துள்ளி எழுந்தார். பெட்டி திறந்த பிறகு யாரும் காகிதம் கொடுக்கக்கூடாது. ரூல் அது. பாவம், என்னை வெளியேற்றினால் அவருக்கும் ஆர்டர் இல்லை என்பது அந்த நிமிஷம் அவருக்கு உறைக்கவில்லை.

மேடம் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். வாங்கவில்லை. “உள்ள வெய்ங்க” என்றார் மெதுவாக. எங்கள் டெண்டரின் முகப்பில் ‘தள்ளுபடி’ என்று எழுதி முடிக்க அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பீன்யாவுக்குப் போய் மாமாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? “ஒரு பக்கத்துல சைன் வுட்டுப் போச்சு மாமா.” அவ்வளவுதான் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “நான்தான்டா வுட்டுட்டேன். எத்தன தடவ புரட்டிப் பாத்தேன், எப்டி வுட்டேன்?” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை. ஆறு பேரை வேலையிலிருந்து நிறுத்தினபோது அவர்களிடமே, “என் தப்புப்பா, என் கையெழுத்துதான்” என்று மாமா சொன்னார். அப்போதும் பக்கத்தில்தான் நின்றேன்.

பழைய ஃபாரத்தில் மறு டெண்டர் வந்தது. கரண்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. மாமா புதுப் பம்பைச் சாக்குப் போட்டு மூடி மூலையில் வைத்தார். பழைய மாடலையே, கை சுடுகிற அதே பம்பையே, அடிமாட்டு விலைக்குப் போட்டோம். கிடைத்துவிட்டது. நிறுத்தின ஆறு பேரும் திரும்பி வந்தார்கள்.

சரக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போட மேடம்தான் பீன்யாவுக்கு வந்தார். ஒரு பம்பை ஓட்டினோம். கண்ணாடியைக் கழற்றினார், கண்ணை மூடினார், உள்ளங்கையை வைத்தார். நான் எண்ணினேன். ஐந்து தாண்டிற்று, பத்து தாண்டிற்று, எடுக்கவில்லை. வேலையாட்கள் எல்லாரும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்தில் எடுத்தார். உள்ளங்கை சிவந்துகிடந்தது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வேறு என்ன செய்வார்? ஃபாரத்தில் சூட்டுக்கு இடமில்லை.

பிறகு, “அந்த இன்னொரு பம்பு எங்க?” என்று கேட்டார்.

மாமா சாக்கை எடுத்தார். ஓட்டினோம். மேடம் கை வைத்தார். கால் மணி நேரம் ஓடிய பிறகும் கையை வைத்தபடியே நின்றார். “அய்யோ, எவ்ளோ நல்லா பண்ணியிருக்கீங்க” என்றார் மாமாவைப் பார்த்து. மாமா குனிந்துகொண்டார்.

எனக்கு அடக்க முடியவில்லை. “மேடம், அன்னிக்கு நீங்க பாக்காத மாதிரி அந்தப் பக்கத்தப் புரட்டியிருக்கலாம்” என்றேன்.

“இருக்கலாம். நானும் தெனம் நெனைக்கறேன்” என்றார். “பாத்துட்டேனேப்பா. என்னா பண்ணச் சொல்ற?”

முதன்முதலாக என்னை ஒருமையில் பேசினார். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஆத்திரமும் வந்தது, அவர் காலில் விழவேண்டும் போலவும் இருந்தது. அதோடு போயிருந்தால் தேவலை.

“அன்னிக்கு ஒரு பழைய பேஜ் நீட்டினியே, இருக்கா? அதுல என்னா நம்பர் போட்டிருந்தீங்க? கேக்கணும்னே இருந்தேன்.”

மாமா நிமிர்ந்தார். “எந்தப் பேஜு?”

அது என் பர்ஸிலேயே இருந்தது. அத்தனை மாதமாகக் கிழித்துப் போடவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. எடுத்துக் கொடுத்தேன். மேடம் மேஜைமேல் விரித்தார். ஐம்பத்துநாலு. கீழே மாமாவின் கையெழுத்து, நீலமாக, முழுசாக. மாமா அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

மேடத்துக்கு எங்களுக்குள் இருந்தது எதுவும் தெரியாது. அவர் பாட்டுக்குப் பென்சிலை எடுத்து அந்தக் காகிதத்தின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். அன்றைக்குப் படித்த இரண்டு விலையும் அவருக்கு மனப்பாடம். நான் பயந்துகொண்டு இதுவரை போடாத கணக்கு அது. முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதுவே போதும்ப்பா” என்றார். “அம்பத்துநாலே போதும். இதுலயே நீங்கதான் மொதல்ல வந்திருப்பீங்க.”

மாமா அந்தக் காகிதத்தை எடுத்து மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். “பம்ப எல்லாம் லாரியில ஏத்துங்கடா” என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார். அதைப் பற்றி அதற்கப்புறம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம், திட்டியிருக்கலாம்.

மேடத்தை அடுத்த வருஷமே வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அப்புறம் ரிட்டையர் ஆகி, பிள்ளைகளோடு எங்கேயோ போய்விட்டதாகக் கேள்வி. இப்போது சர்க்கார் டெண்டர்களில் கரண்டுக்கும் புகைக்கும் விதவிதமாக வரிகள் போடுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் அந்தப் பச்சைப் பேனா ஞாபகம் வரும்.

போன மாதம் காக்ஸ் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு மாணவர் விடுதிக்குப் போகவேண்டியிருந்தது. பின்பக்கம் பம்பு அறையில் சத்தம் கேட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் எங்களுடையது, இருநூறில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தேன். நாலு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன்.

“பழசானாலும் நல்ல பம்பு சார், ரிப்பேருன்னு ஒரு தடவகூட நின்னதில்ல” என்றார் வாட்ச்மேன்.